நிலவேம்பின் கசப்பும் மரபணுவும்: தாழ்வாரத் தொட்டிச் செடி பற்றி ஒரு பதில்

சிங்கப்பூர் தெம்பனீஸில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். தாழ்வாரத்தில் தொட்டி வைத்து நிலவேம்பு, துளசி, நித்தியகல்யாணி மூன்றும் வளர்க்கிறாராம். நாற்றுகள் தேக்காவில் வாங்கியவை. பட்டுக்கோட்டையில் அம்மா வீட்டுக் கொல்லையில் நிலவேம்பு இலையைக் கிள்ளி வாயில் போட்டால் வெகுநேரம் கசப்பு போகாது, இங்கே வளர்ந்ததில் அதில் பாதிகூட இல்லை என்கிறார். "மண் மாறியதால் மரபணுவும் மாறிவிட்டதா? மருந்துச் சத்தை உண்டாக்கும் மரபணுக்களைக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வருகிறதே, அப்படியென்றால் அந்த மரபணு உள்ள செடியெல்லாம் மருந்துதானே? ஈஸ்டிலும் தயாரிக்கிறார்களாமே, அதுவும் இலையில் உள்ளதும் ஒன்றா?" பார்க்க மூன்று கேள்வி. அடியில் கிடப்பது ஒன்றுதான்: மரபணு இருந்தால் மருந்தும் இருக்கிறது என்று கொள்ளலாமா? கேட்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு என்று எனக்குப் படுகிறது: இந்தத் தொட்டிச் செடியை நம்பிக் கஷாயம் வைக்கலாமா?

நான் தாவர உயிர்வேதியியல் படித்தவன். இலையை அரைத்து, வடித்து, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்ப்பதுதான் பல வருடமாக இங்கே என் பிழைப்பு. மருத்துவரும் அல்ல, சித்த வைத்தியரும் அல்ல. அதனால் செடிக்குள் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். மனித உடம்புக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்லும்போது அந்தத் தைரியத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். மண் மாறினால் மரபணு மாறாது. ஒரே வம்சத்து விதை பட்டுக்கோட்டையில் முளைத்தாலும் தெம்பனீஸில் முளைத்தாலும் உள்ளே இருக்கும் மரபணுக்கள் அதேதான். அவற்றில் எது, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் உங்கள் நாற்று அம்மா வீட்டுச் செடியின் வம்சம் இல்லையே. நிலவேம்பு பெரும்பாலும் தன் மகரந்தத்தையே வைத்துக் காய்த்துக்கொள்ளும் செடி. அதனால் ஒவ்வோர் ஊர் வம்சமும் தனித்தனியாக நிலைத்துப் போயிருக்கும், சத்தின் அளவும் வம்சத்துக்கு வம்சம் கணிசமாக வேறுபடும். இது ஆய்வகங்களில் அளந்து பார்த்த விஷயம். ஆகவே உங்கள் செடி பிறப்பிலேயே கசப்புக் குறைந்ததாக இருக்கலாம், அல்லது நல்ல வம்சமாக இருந்தும் இங்கே சோம்பிக் கிடக்கலாம். இரண்டில் எது என்று இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாக்கை வைத்தும் முடியாது. கசப்பை உணர மனிதனுக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. வேறு வேறு பொருள்கள் சேர்ந்து அவற்றைத் தட்டினாலும் நமக்குக் கேட்பது 'கசக்கிறது' என்ற ஒரே செய்திதான்.

சரி, கசப்பின் உள்ளே போவோம். அதற்குப் பெரும் பொறுப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற மூலக்கூறுக்கு. 20 கார்பன் அணுக்கள் கொண்ட டைடெர்பீன் இனம். இந்த மூலக்கூறு எந்த மரபணுவிலும் நேரடியாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு புரதத்தை எப்படிக் கட்டுவது என்பதோடு மரபணுவின் வேலை முடிந்துவிடும். அந்தப் புரதம் நொதியாக, அதாவது என்சைமாக நின்று, ஒரு மூலக்கூறைப் பிடித்து, அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து விட்டுவிடும். அதை அடுத்த நொதி பிடிக்கும். நம்ம பரோட்டாக் கடையில் மாவு பிசைபவர் ஒருவர், உருட்டி வைப்பவர் ஒருவர், வீசுபவர் ஒருவர், கல்லில் போடுபவர் ஒருவர் என்று நிற்பார்களே, அப்படி. வீசுபவர் வரவில்லை என்றால் மற்ற மூவரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தும் தட்டுக்குப் பரோட்டா வராது, உருண்டைதான் மிஞ்சும். நாளேட்டில் 'மருந்து மரபணு கண்டுபிடிப்பு' என்று வந்தால், பெரும்பாலும் இந்த வரிசையில் ஓர் ஆளை அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

நிலவேம்பின் வரிசை தொடங்குவது ஜெரானைல்ஜெரானைல் டைபாஸ்பேட் என்ற நீண்ட சங்கிலியிலிருந்து. பெயர் பயமுறுத்தினாலும் சரக்கு சாதாரணம். பச்சையம் செய்ய, நிறமிகள் செய்ய, எல்லாப் பச்சைச் செடியும் வைத்திருப்பதுதான். ஒரு நொதி அந்தச் சங்கிலியை மடித்து வளையமாக்குகிறது. அதற்குப் பிறகு வருபவை அங்கங்கே ஆக்சிஜனை ஏற்றுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மடிக்கும் நொதிதான். ஜிபெரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் இல்லாமல் செடி உயரவே உயராது. அந்த ஹார்மோன் செய்வதற்கும் முதலில் இதே மடிப்பு வேண்டும். ஆகவே இந்த மரபணு எல்லாச் செடிகளிலும் இருக்கிறது. நிலவேம்பில் அதற்குப் பிரதிகள் உண்டு. ஒன்று வளர்ச்சி வேலையைப் பார்க்க, இன்னொன்று கசப்புக்கு என்று போய்விட்டது. நெல்லிலும் இதே கதைதான்: ஒரு பிரதி வளர்ச்சிக்கு, இன்னொன்று பூஞ்சை தாக்கும்போது எதிர்ப்புப் பொருள் செய்வதற்கு. மூலிகைகளின் மரபணுத் தொகுதியைப் படித்தால் திரும்பத் திரும்ப இதைத்தான் பார்ப்போம். அன்றாட வேலைக்கான மரபணு தற்செயலாக இரட்டிக்கிறது. உபரியாகக் கிடைத்த பிரதி மெல்ல மெல்ல மாறி வேறு தொழிலுக்குப் போகிறது. அந்தத் தொழிலால் செடி பிழைத்தால் அது நிலைக்கிறது. நமக்குக் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டி நினைத்து எந்தச் செடியும் எதையும் செய்து வைக்கவில்லை.

இது இங்கேயே கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். 2015இல் பொதுமக்கள் வாக்களித்துச் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்த காமன் ரோஸ் இருக்கிறதே, அதன் புழு தின்பது அரிஸ்டோலோக்கியா கொடியின் இலையை. நம் ஊர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான். தின்பவரை விரட்டுவதற்காகக் கொடி தயாரிக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை அந்தப் புழு தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதே அமிலம் மனிதனின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. மரபணு, நொதி, மூலக்கூறு என்ற வழியில் பார்த்தால் நிலவேம்புக்கும் இந்தக் கொடிக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. இரண்டும் தற்காப்பு. நமக்கு ஒன்று மருந்தானதும் மற்றது நஞ்சானதும் நம் உடம்பின் சமாசாரம்.

தற்காப்பு என்பதால்தான் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் செய்வதில்லை. பூச்சி கடித்தால், இலை கிழிந்தால், செடிக்குள் ஜாஸ்மோனேட் என்ற சமிக்ஞைப் பொருள் கூடும். அது கூடினால் இந்த வரிசை மரபணுக்கள் பல ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் நிலவேம்பு மீது மெத்தில் ஜாஸ்மோனேட் தெளித்துப் பார்த்தால் அந்த மடிக்கும் நொதியின் மரபணு முடுக்கிவிடப்படுவது தெரியும். வயதும் முக்கியம்: பூக்கத் தொடங்கும் சமயத்தில் இலையில் சத்து உச்சத்தில் இருக்கும், தண்டில் எப்போதும் குறைவு. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும் தாழ்வாரத்தில், தினமும் தண்ணீர், மாதாமாதம் உரம், பூச்சித் தொல்லையே இல்லை என்று வளரும் செடிக்குக் கசக்க என்ன அவசியம்? இது ஓர் ஊகம்தான், ஆனால் காரணமுள்ள ஊகம். இலை பெரிதாக, வெளிர்ப் பச்சையாக, மெல்லியதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் என் ஊகத்துக்கு இன்னும் கொஞ்சம் வலு சேரும், அவ்வளவுதான்.

துளசியைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல செடி இல்லை. ஒரு கைலென்ஸ் வாங்கி, இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவில் மினுமினுவென்று சின்னஞ்சிறு மணிகள் தெரியும். அவைதான் சுரப்பிகள். ஒவ்வொன்றும் சில செல்கள் சேர்ந்த தலை, மேலே ஒரு மெல்லிய பை, பைக்குள் எண்ணெய். துளசி வாசனை அந்தப் பைக்குள்தான். விரலால் தேய்த்தால் பை உடைகிறது, வாசம் வருகிறது. துளசியின் வாசனைப் பொருளான யூஜெனாலைச் செய்யும் மரபணு வேரிலும் தண்டிலும், ஏன், பூவிதழிலும் இருக்கிறது. அது மும்முரமாக வேலை செய்வது இந்தச் சுரப்பிகளில்தான். யூஜெனாலுக்கான கடைசி நொதியைத் திருநீற்றுப்பச்சை இனத்தின் சுரப்பியிலிருந்துதான் 2006இல் அடையாளம் கண்டார்கள்.

அப்படியே ஈரச்சந்தைக்குப் போய்த் தாய்லாந்துத் துளசி ஒரு கட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள். சோம்பு வாசனை அடிக்கும். அங்கே தூக்கலாக இருப்பது மெத்தில் சாவிகால். சாவிகாலுக்கு மெத்தில் என்ற சின்ன அணுக்கூட்டத்தைச் சேர்க்கும் நொதியும் யூஜெனாலுக்கு மெத்தில் சேர்க்கும் நொதியும் ஏறக்குறைய 90 சதவீதம் ஒன்றே. புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் நொதியின் விருப்பம் இதிலிருந்து அதற்கு மாறிவிடும் என்று 2002இலேயே காட்டினார்கள். நூற்றுக்கணக்கான எழுத்துகளில் ஒன்று. இதனால்தான் 'அதே குடும்பத்துச் செடி, அதே மரபணு, அதே பலன்' என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நிலவேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த சபா பாம்புப் புல்லை இங்கே புற்றுநோயாளிகளுக்கு அக்கம்பக்கத்தார் ஆசையோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுப்பவர்களின் மனசு பெரியது; அதற்குமேல் அந்தப் புல்லைப் பற்றி என்னால் உத்தரவாதமாகச் சொல்ல எதுவும் இல்லை.

சுரப்பி விஷயத்தில் இங்கேயே நல்ல வேலை நடந்திருக்கிறது. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் புதினாவின் சுரப்பிகளைத் தனியாகப் பிரித்து, அவற்றில் மட்டும் எந்த மரபணுக்கள் ஓடுகின்றன என்று பார்த்தார்கள். எண்ணெய் உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மரபணுக்கள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்றை அடக்கியபோது இலையில் அந்த எண்ணெயின் கூறான டெர்பீன் அளவு கூடியது. கூடுதலாகச் செய்யும் வசதி செடியிடம் முன்பே இருந்திருக்கிறது, தானே வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறது. ஏன் என்றால், இது எல்லாமே செடிக்குச் செலவு. கார்பனை வாசனையில் போட்டால் இலைக்கும் விதைக்கும் அவ்வளவு குறையும்.

இப்போது நித்தியகல்யாணி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் இவ்வளவு அலசப்பட்ட மூலிகை வேறு சிலதான். 1950களில் ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றிய எலிகள் தொற்று வந்து செத்தன. பார்த்தால் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று யோசித்ததில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பு வின்கிறிஸ்டின் இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றியமையாத மருந்து. எந்தப் பெயரில் கஷாயம் போட்டார்களோ அதற்கு அந்தச் சோதனையில் பலன் தெரியவில்லை, யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது.

சாதாரண டெர்பீன் சரக்கிலிருந்து வின்பிளாஸ்டின் வரை போக நொதிகளின் வரிசை சுமார் 30 படி நீளம். வியப்பு நீளத்தில் இல்லை. படிகள் எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதில்லை என்பதுதான் வியப்பு. முதல் படிகள் இலை நரம்புக்குள், சாறு கடத்தும் திசுவை ஒட்டிய செல்களில். அங்கிருந்து சரக்கு மேல்தோல் செல்லுக்கு வருகிறது. அங்கே டிரிப்டமினும் செகோலோகானினும் இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆகிறது. அது வெற்றிடப்பை என்ற, செல்லின் சேமிப்பு அறையில் வைக்கப்படுகிறது. அதை அடுத்த கட்டத்துக்கு அவிழ்க்கும் நொதியோ உட்கருவுக்குள் இருக்கிறது! பொருள் ஓர் அறையில், அதை உடைக்கும் நொதி இன்னோர் அறையில். புழு கடித்து செல் சிதைந்தால் இரண்டும் கலந்து கடுமையான நச்சு உடனே உண்டாகும். கடைசிப் படிகள் பால் செல்களிலும் தனித்து நிற்கும் சிறப்புச் செல்களிலும் நடக்கின்றன. வின்பிளாஸ்டினின் இரு பாதிகளில் ஒன்றான கேதரந்தீன் பெரும்பாலும் இலையின் மேல் மெழுகுப் படலத்தில் போய் உட்காருகிறது, மற்றொரு பாதியான விண்டோலின் இலைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அரிது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பதற்கு இதுதான் ஒரு காரணம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்தச் செடியில் இருக்கிறது. நித்தியகல்யாணி செல்களைக் குடுவையில் வளர்த்து மருந்து எடுத்துவிடலாம் என்று பல பத்தாண்டுகள் முயன்றார்கள். ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுவும் இருந்தது, ஆனால் விண்டோலின் வரவில்லை. இலையாக வடிவெடுக்காத செல் கூட்டத்தில் கடைசிப் படிகளின் நொதிகள் தலைகாட்டுவதில்லை. இன்னொன்று: இருட்டில் முளைத்த நாற்றில் வேலை டாபர்சோனின் என்ற இடைப்பொருளோடு நின்றுவிடும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அது விண்டோலினாக மாறும். மரபணு இருந்தும் செல் வகை சரியில்லை என்றாலோ வெளிச்சம் இல்லை என்றாலோ மருந்து இல்லை.

மரபணு இருக்கிறது, பொருள் இல்லவே இல்லை என்பதற்கு இன்னும் நெருக்கமான ஒரு சாட்சி நம் அரிசிப் பானையில் இருக்கிறது. நெல்லின் மரபணுத் தொகுதியில் கிடைத்த ஒரு நொதியைச் சோதனைக் குழாயில் வைத்து உரிய சரக்கைக் கொடுத்தால் மஞ்சளில் உள்ள குர்குமினாய்டு வகைப் பொருளைச் செய்கிறது. ஜப்பானியர்கள் 2007இல் காட்டினார்கள். மஞ்சள் கிழங்கு அதே வேலைக்கு இரண்டு வகை நொதிகளைக் கூட்டு வைக்கிறது, நெல்லுக்கு ஒன்றே போதும். ஆனால் எந்த நெல்லும் குர்குமின் சேர்த்து மஞ்சளானதில்லை. சோதனைக் குழாயில் 'செய்ய முடிகிறது' என்பதற்கும் செடிக்குள் 'செய்கிறது' என்பதற்கும் நடுவில் நிறைய தூரம். ஒரு மரபணுவை நம்புவதற்கு நான் என்ன பார்ப்பேன் என்றால், வேறொரு செடியில், வழக்கமாகப் புகையிலையின் ஒரு காட்டு உறவில், அதைப் புகுத்தியபோது பொருள் வந்ததா, சொந்தச் செடியில் அதை அடக்கியபோது பொருள் குறைந்ததா என்று. இரண்டும் இருந்தால் ஏறக்குறைய உறுதி. கணினியில் வரிசை ஒத்துப்போகிறது என்பதோடு நின்றால் அது நல்ல தொடக்கம் மட்டுமே. மூலிகை மரபணு பற்றி வரும் செய்திகளில் கணிசமானவை இந்தத் தொடக்க நிலையில்தான் இருக்கின்றன.

ஈஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். மூலக்கூறு என்ற அளவில் ஒன்றேதான். ஈஸ்ட் செய்த விண்டோலினுக்கும் இலை செய்ததற்கும் அணு அடுக்கில் வித்தியாசம் கிடையாது. 2018இல் சாரா ஓ'கானரின் குழு வரிசையில் விடுபட்டிருந்த நொதிகளைக் கண்டுபிடித்தது. 2022இல் ஜே கீஸ்லிங்கின் குழு ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதியில் 56 மாற்றங்கள் செய்து, அதில் 34 தாவர மரபணுக்களைப் புகுத்தி, விண்டோலினையும் கேதரந்தீனையும் செய்ய வைத்தது. இரண்டையும் கடைசியில் வேதியியல் முறையில் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்தார்கள். ஆனால் செய்ய முடிந்தது என்பதால் தொழிற்சாலைக்கு வந்துவிடாது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைப் பாருங்கள். சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015இல் நோபல் வாங்கித் தந்த மருந்து. அதன் முன்பொருளை ஈஸ்டில் ஒரு லிட்டருக்கு 25 கிராம் வரை எடுத்துக் காட்டினார்கள், பெரிய நிறுவனம் ஒன்று தயாரிக்கவும் தொடங்கியது. கடைசியில் வயலில் விளைந்த செடியின் விலையோடு போட்டி போட முடியவில்லை. அதே சமயம், கஷாயத்தில் உள்ளதும் ஈஸ்ட் மருந்தும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. ஈஸ்டில் ஒரு பொருள், அளவு தெரியும். கஷாயத்தில் பல பொருள், எதுவும் அளவு தெரியாது. ஆர்ட்டிமிசியா இலைத் தேநீரை மலேரியாவுக்குக் குடிக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இந்த அளவுப் பிரச்சினையும் ஒரு காரணம்: குறைவான அளவு நோயைத் தீர்க்காது, கிருமிக்கு மருந்தைச் சமாளிக்கப் பழக்கிக் கொடுக்கும்.

சத்தின் அளவு தெரியாததால் வரும் குழப்பத்துக்கு நம் கீழாநெல்லியே உதாரணம். புளோக்கின் கீழே நடைபாதை விரிசலில்கூட முளைக்கிறதே, அதுதான். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினரும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்துவிட்டது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிரமாதமான முடிவு. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அப்படி வரவில்லை. செடி வேறு வம்சமா, பறித்த பருவம் வேறா, அல்லது முதல் ஆய்வே சிறியது என்பதால் வந்த தோற்றமா? எந்தக் கூறு வேலை செய்தது என்பதே நிலைநாட்டப்படாதபோது, எந்த மரபணுவைத் தேடுவது? கீழாநெல்லி கல்லீரலுக்கு நல்லது என்று பாட்டி சொன்னதை நான் கேலி செய்யமாட்டேன். மஞ்சள்காமாலை வந்தவரிடம் அது போதும் என்றும் சொல்லமாட்டேன்.

அப்புறம், உடம்பின் பக்கம் ஒன்று. செடியில் ஆக்சிஜனை ஏற்றும் நொதிகளில் பெரும்பகுதி சைட்டோகுரோம் பி450 என்ற பெருங்குடும்பம். அதே குடும்பம் நம் கல்லீரலிலும் இருக்கிறது. செடியில் மருந்தைக் கட்டுவது, நம்மிடம் மருந்தை உடைத்து வெளியேற்றுவது. மிளகின் பைப்பரின் இந்த உடைக்கும் வேலையைத் தடுக்கும். 1998இல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. மஞ்சள்-மிளகு மாத்திரைகள் கடைகளில் குவிந்திருப்பது இதனால்தான். ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடாது. நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரைகளின் அளவும் கூடலாம். இப்படி வலுக்கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு கணக்கு, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் தாழ்வாரத்துக்கு வருகிறேன். நிலவேம்பைக் காலை வெயில் நேராகப் படும் இடத்துக்கு நகர்த்துங்கள், உரத்தைக் குறையுங்கள், மொட்டு விடும் சமயத்தில் இலையைப் பறியுங்கள். கசப்பு ஏறினால் வெளிச்சமும் பருவமும்தான் பிரச்சினையாக இருந்திருக்கும். அப்போதும் ஏறாவிட்டால் வேறு இடத்து நாற்று ஒன்று வாங்கி அதே வெயிலில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கஷாயம் என்றால், உங்கள் ஊரில் தரும் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது, நிலவேம்பு அதில் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு வேண்டாம். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கவோ சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால், குடிப்பதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. டெங்கிக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்தால் கஷாயத்தை வைத்து நாளைக் கடத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். நித்தியகல்யாணிப் பூவைப் பறித்துச் சாமிக்கு வையுங்கள், தாராளமாக. அதன் இலையைச் சர்க்கரைக்கென்று மென்று தின்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இருப்பவை புற்றுநோய் வார்டில், ரத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து, மில்லிகிராம் கணக்கில் ஏற்றும் சரக்குகள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொட்டியைக் கை எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.